விசுவாசத்தைச் சொல்லத் தயங்குவது குற்றமா?

கிறிஸ்தவ விசுவாசம் தன்னை ஏற்றுக்கொண்டவர் மீது சுமத்தும் கடமைகளுள், அந்த விசுவாசத்தைப் பிறரிடம் எடுத்துச் சொல்லும் கடமை எல்லாரும் ஒப்புக்கொள்வது. ஏறக்குறைய எல்லாரும் தட்டிக்கழிப்பதும் அதுவே. ஞாயிறு ஆராதனைக்குத் தவறாமல் செல்பவர்களும், தசமபாகம் கொடுப்பவர்களும், விடியுமுன் எழுந்து ஜெபிப்பவர்களும் கூட, உடன் வேலை செய்யும் ஒருவரிடமோ அடுத்த வீட்டாரிடமோ தம் நம்பிக்கையைப் பற்றி நான்கு வார்த்தை பேச நேரும்போது வாயடைத்துப் போகிறார்கள். சபைகள் இதைத் துணிவுக் குறைவு என்றும், ஆண்டவரைக் குறித்து வெட்கப்படுதல் என்றும் கண்டித்து, அதைப் போக்கப் பயிற்சி வகுப்புகளையும் கைப்பிரதிகளையும் எழுப்புதல் கூட்டங்களையும் ஏற்பாடு செய்கின்றன. ஆனால் தயக்கம் என்ற ஒரே பெயருக்குள் வேறு வேறு குணங்கள் கலந்து கிடக்கின்றன. அவற்றுள் சில தன்னைப் பற்றிய அச்சத்திலிருந்து பிறப்பவை. சில எதிரில் இருப்பவரைப் பற்றிய மனச்சான்றிலிருந்து பிறப்பவை. முன்னதைக் களைய வேண்டும், பின்னதைக் காக்க வேண்டும். இவ்விரண்டையும் பிரித்தறியாமல் ஒருசேர வெல்லச் சொல்லும் போதனை, கோழையைத் துணிவுள்ளவனாக்குவதை விட்டு மென்மையானவனை முரடனாக்கிவிடும்.

முதலில் கடமையின் அளவைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். தமிழ்த் திருச்சபைகளில் 'சாட்சி சொல்லுதல்' என்பது ஒருவர் தம் வாழ்வில் கடவுள் செய்ததாக நம்புவதைத் தம் வாயால் சொல்வது; 'சுவிசேஷம் அறிவித்தல்' என்பது இயேசு கிறிஸ்துவின் பிறப்பு, மரணம், உயிர்த்தெழுதல் ஆகியவற்றைப் பற்றிய செய்தியை அதைக் கேளாதவருக்கு எட்டச் செய்வது. மத்தேயு எழுதிய சுவிசேஷத்தின் முடிவில் உயிர்த்தெழுந்த இயேசு சீடர்களை எல்லா இனத்தாரிடமும் அனுப்புவதாக வரும் கட்டளையே இவ்விரண்டுக்கும் அடிப்படையாகச் சொல்லப்படுகிறது. அதே வேதாகமத்தில், கடவுளால் அனுப்பப்பட்டவர்களுள் தயங்காதவர் அரியர் என்பதும் நினைக்கத்தக்கது. மோசே தன் திக்குவாயைக் காரணம் காட்டினான். எரேமியா தான் சிறுபிள்ளை என்றான். யோனா எதிர்த்திசையில் கப்பலேறினான். பேதுரு நெருப்பருகே குளிர்காய்ந்துகொண்டு, ஒரு வேலைக்காரப் பெண்ணின் கேள்விக்கு அஞ்சி, தன் ஆண்டவரைத் தெரியாது என்று மூன்று முறை மறுத்தான். இவர்களுள் எவரும் தயங்கியதற்காகத் தள்ளப்படவில்லை. மாற்கு சுவிசேஷத்தின் ஐந்தாம் அதிகாரத்தில், கதரேனர் நாட்டில் கல்லறைகளிடையே திரிந்து குணமான மனிதன் இயேசுவோடு படகில் வர விரும்பியபோது, அவன் தன் வீட்டாரிடம் போய் நடந்ததைச் சொல்லும்படி அனுப்பப்படுகிறான். அவனுக்கு இடப்பட்ட எல்லை, அவன் எப்படி இருந்தான் என்பதை அறிந்தவர்கள் வாழும் ஊர். பேதுருவின் முதலாம் நிருபம், நம்பிக்கைக்குக் காரணம் கேட்பவருக்குச் சாந்தத்தோடு விடை சொல்ல ஆயத்தமாயிருக்கும்படி விசுவாசிகளுக்குச் சொல்கிறது. அதாவது, கேட்பவர் ஒருவர் இருப்பார் என்பதை அது முன்னரே எடுத்துக்கொள்கிறது. கேட்கத் தோன்றும் அளவுக்குப் பிறரோடு நெருங்கி வாழ்ந்திருப்பது, விடை சொல்வதற்கு முன்னமே நிறைவேற்ற வேண்டிய கடமை என்று இதனால் விளங்குகிறது.

களைய வேண்டிய தயக்கத்தை அன்றாட வாழ்வில் எளிதாக அடையாளம் காணலாம். திங்கட்கிழமை காலையில், அலுவலகத்தில் தேநீர் வரும் நேரத்தில், பக்கத்து மேசைக்காரர் நேற்று எங்கே போயிருந்தீர்கள் என்று சாதாரணமாகக் கேட்கிறார். ஆலயத்துக்குப் போய்வந்தவர் 'சும்மா, ஒரு வேலையாக வெளியே' என்று சொல்லிப் பேச்சை மாற்றுகிறார். அவரை யாரும் தாக்கப்போவதில்லை, அவர் வேலை போகப்போவதில்லை. கேட்டவருக்கு அதில் ஆர்வம் இருந்திருக்கவும் கூடும். 'மதம் மாற்ற வந்துவிட்டான்' என்று ஒருவர் மனத்துக்குள் நினைத்துவிடுவாரோ என்ற ஐயம் மட்டுமே அந்தப் பொய்யைச் சொல்ல வைக்கிறது. நல்லவராக, பழகுவதற்கு இனியவராக, எவரையும் சங்கடப்படுத்தாதவராகத் தோன்ற வேண்டும் என்ற ஆசை இங்கே உண்மையைச் சொல்லும் கடமையை வென்றுவிடுகிறது. இது மதம் சார்ந்த குறை என்பதற்கு முன் நேர்மை சார்ந்த குறை. ஒருவர் தம் வாழ்வின் மையம் என்று நம்பும் ஒன்றை, பல ஆண்டுகள் பழகிய நண்பரிடமிருந்து மறைத்தே வைத்திருப்பாரானால் அந்த நட்பில் ஒரு அறை பூட்டியே கிடக்கிறது. அந்தப் பூட்டைத் திறப்பதற்குப் பிரசங்கம் தேவையில்லை. கேட்ட கேள்விக்கு உண்மையான விடை போதும்.

ஆனால் எல்லா மௌனத்தையும் இந்தத் தராசில் நிறுப்பது பெரும் அநீதி. 1950-ஆம் ஆண்டின் அரசியலமைப்பு (பட்டியல் சாதியினர்) ஆணையின் மூன்றாம் பத்தி, பட்டியல் சாதிக்கான உரிமைகளை முதலில் இந்து சமயத்தவருக்கு மட்டுமே வழங்கியது; 1956-இல் சீக்கியரும் 1990-இல் பௌத்தரும் சேர்க்கப்பட்ட பின்பும் கிறிஸ்தவர்களான தலித் மக்கள் அதற்கு வெளியிலேயே நிற்கிறார்கள். தமிழ்நாட்டில் கிறிஸ்தவத்துக்கு மாறிய ஆதிதிராவிடர் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வைக்கப்பட்டிருக்கிறார்கள். ஆகவே ஞாயிறு தோறும் ஆலயத்துக்குச் செல்லும் ஒரு குடும்பம் சாதிச் சான்றிதழில் வேறு சமயத்தைக் குறித்திருக்குமானால், அங்கே மௌனம் என்பது மகளின் கல்லூரி இடமும் மகனின் அரசு வேலையும் ஆகும். பிறந்த சாதியின் இழிவு மதம் மாறிய பின்பும் தெருவில் அப்படியே தொடர, அதற்கு ஈடாகக் கிடைத்த பாதுகாப்பு மட்டும் பறிபோகும் நிலையில் இருப்பவரிடம், எந்த இழப்பும் இல்லாத மேடையிலிருந்து 'கிறிஸ்துவைக் குறித்து வெட்கப்படாதே' என்று முழங்குவது அறமாகாது. அவர் வெட்கப்படவில்லை, சட்டம் அவரைப் பேசாமல் வைத்திருக்கிறது. அவருடைய மௌனத்தைக் கலைக்க விரும்பும் திருச்சபை, அந்த ஆணையை மாற்றுவதற்கான போராட்டத்தில் அவர் பக்கம் நிற்பதன் வழியாகவே அதற்கான தகுதியைப் பெற முடியும்.

சட்டத்தின் அச்சம் வேறு வகையிலும் உண்டு. ஒடிசா 1967-இலும் மத்தியப் பிரதேசம் 1968-இலும் மதமாற்றத்தைக் கட்டுப்படுத்தும் சட்டங்களை இயற்றின. பிற மாநிலங்கள் சில பின்தொடர்ந்தன. தமிழ்நாடு 2002-இல் அத்தகைய சட்டத்தைக் கொண்டுவந்து 2004-இல் திரும்பப் பெற்றது. இச்சட்டங்கள் நடப்பில் உள்ள இடங்களில் பேச்சை அளந்து பேசுவது முன்யோசனை. அதைக் கோழைத்தனம் என்பவர் அங்கே வாழ்ந்து பார்த்தவராக இருக்க மாட்டார்.

தயக்கத்தை ஆதரித்து எழுந்த வாதங்களுள் மிக வலிமையானது காந்தியடிகளுடையது. 1930-களில், ரோஜா தன் மணத்தைப் பிரசங்கம் செய்வதில்லை, மணம் தானே பரவுகிறது என்ற உவமையால், வாழ்வே போதும், வாய்ச்சொல் வேண்டாம் என்று அவர் மிஷனெரிகளுக்கு எழுதியும் சொல்லியும் வந்தார். இந்த வாதம் இன்று பல கிறிஸ்தவர்களுக்கே புகலிடமாகிவிட்டது. 'நான் வாழ்ந்து காட்டுகிறேன், அது போதும்' என்பவர்களை எந்தச் சபையிலும் காணலாம். அதில் உள்ள உண்மையை மறுக்க முடியாது. வட்டிக்குக் கொடுத்து ஏழையின் வீட்டை எழுதி வாங்கியவர் தரும் கைப்பிரதியை எவரும் வாங்க மாட்டார்கள்; வாங்கவும் வேண்டியதில்லை. ஆயினும் இந்த வாதம் ஓரிடத்தில் முறிகிறது. ரோஜாவுக்கு மனம் இல்லை, அதனால் குற்றமும் இல்லை. மனிதன் தன் வாழ்வை மட்டுமே தன் விசுவாசத்துக்குச் சான்றாக நிறுத்துவானானால், தன் வாழ்வு அந்த எடையைத் தாங்கும் என்று அவன் சொல்லாமலே சொல்கிறான். பணிவாகத் தோன்றும் அந்த மௌனத்துக்குள் தன்னைப் பற்றிய உயர்ந்த மதிப்பீடு ஒன்று ஒளிந்திருக்கிறது. மாறாக, கிறிஸ்தவ விசுவாசத்தின் சாரம், தன் நற்செயலால் தேறாத மனிதனுக்குக் கிடைத்த மன்னிப்பைப் பற்றியது. அந்த மன்னிப்பைச் சொல்லாமல் நற்செயலை மட்டும் காட்டுகிறவர், பார்ப்பவரின் கண்ணைத் தம் மீதே நிறுத்திவிடுகிறார். 'அவர் நல்ல மனிதர்' என்ற பேர் அவருக்குக் கிடைக்கிறது, அவ்வளவே. தாம் யாரால் தூக்கிவிடப்பட்டதாக நம்புகிறாரோ அவர் பெயரைச் சொல்வது, புகழைத் தம்மிடமிருந்து அகற்றும் செயல். ஆகவே வாழ்வு பேச்சுக்கு நிபந்தனை என்பது சரி. வாழ்வு பேச்சுக்கு மாற்று என்பது சரியன்று.

காந்தியடிகளின் வாதத்துக்குச் சொன்ன விடை பேசுவதன் பக்கம் நின்றது. காக்க வேண்டிய தயக்கம் எது என்ற கேள்வி இன்னும் கடினமானது. தயக்கத்தை வெல்லச் சொல்லும் நூல்களும் பிரசங்கங்களும் அதைப் பெரும்பாலும் தொடாமலே கடந்துவிடுகின்றன. அதன் இருப்பிடம் அதிகாரம். மருத்துவமனையின் பொது வார்டில், கையில் ட்ரிப் ஏறிக்கொண்டிருக்க, அறுவைக்கு முந்தைய நாள் படுத்திருப்பவர் எழுந்து போக முடியாதவர். அவருடைய உயிர் தம் கையில் இருப்பதாக அவர் நம்பும் மருத்துவரோ செவிலியரோ கட்டிலருகே நின்று விசுவாசத்தைப் பற்றிப் பேசத் தொடங்கினால், அவர் தலையசைப்பதற்குப் பொருள் ஏதும் இல்லை. மாதச் சம்பளத்தைக் கொடுக்கும் அதே வீட்டம்மா, மாலை ஜெபத்துக்கு வந்து உட்காரும்படி வீட்டு வேலைக்கு வரும் பெண்ணை அழைக்கும்போது, அழைப்பு எவ்வளவு அன்பானதாக இருந்தாலும் அதை மறுக்க அந்தப் பெண்ணுக்கு வழியில்லை. விடுதியில் தங்கிப் படிக்கும் ஏழைக் குழந்தை, வெள்ள நிவாரணத்துக்காக வரிசையில் நிற்பவர், கடன் தள்ளுபடிக்காகக் காத்திருப்பவர் ஆகிய எல்லாருடைய நிலையும் இதுதான். இவ்விடங்களில் தோன்றும் தயக்கம் மனச்சான்றின் குரல். அதை அடக்கிவிட்டுப் பேசுகிறவர் துணிவுள்ளவர் அல்லர். உதவியைச் செய்துவிட்டு, கேட்டாலன்றி வாய் திறவாதிருப்பதே அங்கே சாட்சி.

திருச்சபைகள் இதை அறியாதவை அல்ல. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965 டிசம்பரில் வெளியிட்ட சமய உரிமை பற்றிய அறிக்கை, வற்புறுத்தலின் சாயல் கூட இல்லாமல், குறிப்பாக ஏழைகளிடமும் கல்லாதவர்களிடமும் முறையற்ற வழியில் மனத்தை வளைக்காமல், விசுவாசம் பரப்பப்பட வேண்டும் என்று எச்சரித்தது. 2011-இல் உலகத் திருச்சபைகளின் மன்றம், வத்திக்கானின் பல்சமய உரையாடலுக்கான அவை, உலக எவாஞ்சலிக்கக் கூட்டமைப்பு ஆகிய மூன்றும் சேர்ந்து, பல சமயத்தார் வாழும் உலகில் கிறிஸ்தவ சாட்சி எப்படி அமைய வேண்டும் என்பதற்கான நடத்தை நெறிகளை வெளியிட்டன. தம்முள் பல பொருளில் உடன்படாத இம்மூன்று தரப்பும் இந்த ஒன்றில் உடன்பட்டதே இதன் முக்கியத்துவத்தைக் காட்டும். இந்திய அரசியலமைப்பு அவையில் 1948 டிசம்பரில் சமயத்தைப் பரப்பும் உரிமை விவாதிக்கப்பட்டபோது, டி. டி. கிருஷ்ணமாச்சாரி, கிறிஸ்தவக் கல்வி நிறுவனங்களில் ஏறத்தாழ 14 ஆண்டுகள் படித்த தம்மை மதம் மாற்ற யாரும் முயன்றதில்லை என்று சொல்லி அந்த உரிமைக்கு ஆதரவாகப் பேசினார். அரசியலமைப்பின் 25-ஆம் பிரிவில் 'பரப்புதல்' என்ற சொல் இடம்பெறுவதற்குத் துணைநின்றவற்றுள் அந்தப் பள்ளி, கல்லூரி ஆசிரியர்கள் காத்த அடக்கமும் ஒன்று என்பதை, அதே உரிமையை இன்று பயன்படுத்துவோர் மறக்கலாகாது. 1977-இல் உச்ச நீதிமன்றம், அந்த உரிமை தன் சமயக் கொள்கையை விளக்கிப் பரப்பும் உரிமையே அன்றி இன்னொருவரை மாற்றும் உரிமை அன்று என்று தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பின் சட்ட நுணுக்கங்கள் இன்றும் விவாதிக்கப்படுகின்றன. அறத்தின் அளவில், மனம் மாறுவதும் மாறாமலிருப்பதும் கேட்பவருடைய முடிவு என்ற வரையறையைக் கிறிஸ்தவர் எதிர்க்கத் தேவையில்லை.

அதிகாரம் எதிர்த்திசையில் இருக்கும்போது, அதாவது பேசுகிறவர் எளியவராகவும் கேட்கிறவர் வலியவராகவும் இருக்கும்போது, இந்தக் கட்டுப்பாட்டுக்கு இடமே இல்லை. அதற்குத் தெளிவான சான்று தோர்ணக்கல். திருநெல்வேலிச் சீமையின் வெள்ளாளன்விளையில் 1874-இல் பிறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியா, 1902-இல் யாழ்ப்பாணம் சென்றபோது, அங்குள்ள தமிழ்க் கிறிஸ்தவர்கள் தம் சொந்தச் செலவில் ஊழியரை அனுப்பி வருவதைக் கண்டார். நூறாண்டுப் பழமையுள்ள நெல்லைத் திருச்சபை அயல்நாட்டு மிஷனெரிகளின் முயற்சியையே நம்பியிருப்பது அவரை உறுத்தியது. அடுத்த ஆண்டு திருநெல்வேலியில் இந்திய மிஷனெரி சங்கம் தொடங்கப்பட்டது; தெலுங்கு கற்றுக்கொண்டு நிஜாம் ஆட்சிப்பகுதியிலிருந்த தோர்ணக்கலுக்குச் சென்ற அசரியா, 1912-இல் ஆங்கிலிக்கத் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயரானார். அவருடைய பேராயத்தில் ஞானஸ்நானம் பெற்றவர்களுள் பெரும்பாலோர் மாலா, மாதிகா சமூகங்களைச் சேர்ந்த நிலமற்ற கூலியாட்கள். ஞானஸ்நானம் பெறுகிறவர் தம் கையைத் தம் தலைமீதே வைத்து, சுவிசேஷத்தை அறிவிக்காவிட்டால் தமக்குக் கேடு என்ற பவுல் அப்போஸ்தலரின் சொல்லைத் தமதாக்கிச் சொல்லும்படி அவர் செய்தார் என்பது அவரைப் பற்றிக் கூறப்படும் செய்தி. எழுத்தறியாத கூலியாள் தான் நாற்று நட்ட நிலத்தின் சொந்தக்காரரிடம் தன் ஆண்டவரைப் பற்றிச் சொல்லும்போது, அந்தக் கூலியாளின் கையில் பணமோ பள்ளிக்கூட இடமோ மருந்தோ இல்லை. சொல்லும், குடியை விட்ட வாழ்வும் மட்டுமே உண்டு. கேட்பவர் சிரிக்கலாம், அடிக்கலாம், விரட்டலாம். ஏமாற மட்டும் வழியில்லை. அசரியாவுக்கும் காந்தியடிகளுக்கும் இடையே தாழ்த்தப்பட்ட மக்களின் மதமாற்றம் பற்றி 1930-களில் நிலவிய கருத்து வேறுபாட்டில், அந்த மக்களுக்குத் தாமே எண்ணித் துணியும் அறிவு உண்டு என்ற பக்கம் நின்றவர் அசரியா. அந்த நிலைப்பாடு சரியானது.

பேசத் தயங்குகிறவர்கள் சொல்லும் இன்னொரு காரணம், கேள்வி கேட்டால் விடை தெரியாது என்பது. தரங்கம்பாடிக்கு 1706 ஜூலையில் வந்திறங்கிய ஜெர்மானிய மிஷனெரி சீகன்பால்க் இதற்குக் காட்டிய வழி இன்றும் பழசாகவில்லை. திண்ணைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளோடு அமர்ந்து மணலில் விரலால் எழுதித் தமிழ் கற்ற அவர், தமிழ் ஏடுகளைத் தேடிச் சேர்த்ததோடு, தமிழர்களின் நம்பிக்கைகள், வழக்கங்கள், கிறிஸ்தவர்களைப் பற்றிய அவர்கள் கருத்து ஆகியவற்றைக் கேள்விகளாக எழுதியனுப்பி, வந்த விடைகளை ஜெர்மனில் பெயர்த்து ஹாலே நகருக்கு அனுப்பினார். தென்னிந்தியத் தெய்வங்களைப் பற்றி 1713-இல் அவர் எழுதி முடித்த நூலை ஹாலேயில் அச்சிட மறுத்துவிட்டார்கள். அது 1867-இல் தான் சென்னையில் அச்சேறியது. மறுத்தவர்கள், மிஷனெரிகளை அனுப்பியது இந்தியாவில் பிற சமயத்தை ஒழிப்பதற்கே அன்றி, அதன் கதைகளை ஐரோப்பாவில் பரப்புவதற்கு அன்று என்று எண்ணினார்கள். தவறு அவர்களுடையது. எதிரிலிருப்பவர் எதை வணங்குகிறார், எதற்கு அஞ்சுகிறார், யாருக்காக அழுகிறார் என்று கேட்டறிந்தவருக்கே தம்மிடம் உள்ளதில் எதைச் சொல்வது என்று தெரியும். விடை தெரியாத கேள்விக்குத் தெரியாது என்பதே விடை. அது சொன்னவரின் மதிப்பைக் கேட்டவர் மனத்தில் உயர்த்துமே அன்றித் தாழ்த்தாது. யோவான் ஒன்பதாம் அதிகாரத்தில் பார்வை பெற்ற பிறவிக் குருடனும், தன்னைக் குறுக்கு விசாரணை செய்த பரிசேயரிடம், தெரியாததைத் தெரியாது என்றும் தெரிந்த ஒன்றைத் தெரியும் என்றும் சொல்லி நின்றான்.

தயக்கத்தை உண்மையில் கனக்கச் செய்வது எண்ணிக்கை. 'ஆத்தும ஆதாயம்' என்று சபைகளில் வழங்கும் தொடர், ஆன்மாக்களைக் கிறிஸ்துவுக்கென்று சேர்ப்பதைக் குறிப்பது. அது நாளடைவில், ஒரு கூட்டத்தில் எத்தனை பேர் கை தூக்கினார்கள், ஓராண்டில் எத்தனை பேர் ஞானஸ்நானம் பெற்றார்கள் என்று அறிக்கை எழுதும் பழக்கமாக மாறியிருக்கிறது. பேசுவதன் நோக்கம் வெற்றி என்றானவுடன், எதிரிலிருப்பவர் இலக்காகிவிடுகிறார். அதை அவரும் முதல் நிமிடத்திலேயே உணர்ந்துகொள்கிறார். மென்மையான மனமுடைய விசுவாசி இந்த இடத்தில்தான் பின்வாங்குகிறார், அது அவருடைய குற்றமன்று. மனம் மாறச் செய்வது ஆவியானவரின் செயல் என்று கிறிஸ்தவ இறையியல் ஒருமனதாகக் கற்பிக்கிறது. அதை மெய்யாகவே நம்புகிறவர் வெல்ல வேண்டிய கட்டாயமின்றிப் பேசலாம், மறுக்கப்பட்டாலும் மறுநாள் அதே அன்போடு பக்கத்து வீட்டுக்கு மோர் கேட்டுப் போகலாம். பத்து ஆண்டுக்குப் பின்னும் அந்த நட்பு குறையாதிருக்குமானால், முதல் நாள் சொன்னது உள்நோக்கமின்றிச் சொன்னது என்பது அப்போது உறுதியாகும்.

கடைசியாக, பேசக் கூச்சப்படும் பலர் வெளியே சொல்லாத காரணம் ஒன்று எஞ்சி நிற்கிறது. கிறிஸ்துவைப் பற்றிச் சொன்னால் கேட்பவர் சபைக்கு வருவார். வந்தால் அங்கே எதைப் பார்ப்பார்? திருச்சி மேலப்புதூர் கத்தோலிக்கக் கல்லறைத் தோட்டத்தில் தலித் மக்களின் கல்லறைகளைப் பிற சாதியாருடையவற்றிலிருந்து பிரித்து எழுந்த சுவர் நாடறிந்தது. சுவர் இல்லாத சபைகளிலும் கல்யாணப் பேச்சில் சாதி முதல் கேள்வியாக வருகிறது; சேகரக் குழுத் தேர்தலிலும் ஆயர் நியமனத்திலும் அது கணக்குப் போடுகிறது. இதை உள்ளிருந்து அறிந்த விசுவாசி, நண்பரை அழைக்க வாயெடுத்து நிறுத்திக்கொள்வது, நேர்மையுள்ளவருக்கு நேரும் கூச்சம். அதைப் பயிற்சி வகுப்பு போக்காது. தம் மக்கள் வாய் திறக்க வேண்டும் என்று உண்மையாகவே விரும்பும் ஆயர்களும் மூப்பர்களும், தங்கள் ஆளுகைக்குட்பட்ட கல்லறைத் தோட்டத்தில் யாரை எங்கே அடக்கம் செய்கிறார்கள் என்பதை முதலில் நேரில் போய்ப் பார்த்து, பிரிவு இருக்குமானால் அதை இந்த ஆண்டே நீக்கட்டும். சுவிசேஷப் பயிற்சிக்கான தேதியை அதன் பின்பு குறிக்கட்டும்.